பெறுநர்

போன செமஸ்டர்ல விருப்பப் பாடமா ஜெர்மன் எடுத்தேன். பெரிய காரணம் எதுவும் இல்ல. மெக்கானிக்கல் படிக்கிற பாதிப் பேருக்கு மூணாவது வருஷத்துல வர்ற காய்ச்சல்தான். ஜெர்மனி போகணும், அங்க மாஸ்டர்ஸ் படிக்கணும், ஏதாவது ஒரு கார் கம்பெனி ஐடி கார்டைக் கழுத்துல மாட்டி ஒரு போட்டோ போடணும். நம்ம ஹாஸ்டல்ல எந்த ரூம்ல கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்லுவாய்ங்க.

செமஸ்டர் கடைசியில மேம் ஒரு வேலை கொடுத்தாங்க. ஆளுக்கு ஒரு ஜெர்மன் நகரம் எடுத்துக்கணும். அதோட மேயர் ஒருத்தரைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். முதல் அஞ்சு வாக்கியம் ஜெர்மன்ல, மிச்சத்தை நமக்குத் தெரிஞ்ச மொழியில. நான் ஸ்டுட்கார்ட் எடுத்தேன். மெர்சிடிஸ், போர்ஷே, பாஷ் மூணும் இருக்கிற ஊரு. வேற எதை எடுப்பேன்?

மேயருக்கு அங்க ஓபர்பூர்கர்மைஸ்டர்னு பேரு. இதை மூச்சு விடாம சொல்லிப் பழகவே ரெண்டு நாள் ஆச்சு. ஒருவழியா பேசி முடிச்சேன், பசங்க கை தட்டினாய்ங்க. உட்காரப் போனப்ப மேம் சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாங்க.

"நல்லாப் பேசின. சரி, உங்க ஊர் மேயர் யாரு?"

"எங்க ஊரு திண்டுக்கல் மேம். அது முனிசிபாலிட்டி. மேயரெல்லாம் கிடையாது."

நான் சொன்ன தைரியத்தை இப்ப நினைச்சாலும் காது சூடாகுது. பின் பெஞ்சுல இருந்து வேடசந்தூர்க்காரன் கத்தினான்: "டேய், கார்ப்பரேஷன் ஆகி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சுடா!"

கிளாஸே சிரிச்சது. "சரி, நீ சொல்லு, யாரு மேயர்?"னு அவன் பக்கம் திரும்பிக் கேட்டேன். அவனுக்கும் தெரியல. திண்டுக்கல் பசங்க எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேருக்கும் தெரியல. மேம் எதுவும் சொல்லல, சும்மா தலையை ஆட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு.

ஸ்டுட்கார்ட் மேயர் எந்த வருஷம் பொறந்தார், அவங்க அப்பா எப்படிச் செத்தார், எத்தனை தேர்தல் ஜெயிச்சார்னு எனக்குத் தெரியும். நான் குடிக்கிற தண்ணிக்கும் நடக்கிற ரோட்டுக்கும் பொறுப்பான ஊர்ல, அந்த நாற்காலி இருக்கிறதே தெரியல.

முதல்ல அந்த ஸ்டுட்கார்ட் கதையைச் சொல்லிடுறேன். ஏன்னா அது நிஜமாவே நல்ல கதை.

இரண்டாம் உலகப் போர்ல ஸ்டுட்கார்ட் குண்டுவீச்சுல நொறுங்கிப் போச்சு. 1945 ஏப்ரல்ல ஊரைப் பிடிச்ச பிரெஞ்சு ராணுவம், ஆர்னுல்ஃப் கிளெட்னு ஒரு வக்கீலைக் கூப்பிட்டு மேயரா உட்கார வச்சது. வயசு 40. எந்தக் கட்சியும் இல்லாத ஆள். ராணுவம் வச்ச ஆளு, கொஞ்ச நாள் இருப்பார், போயிடுவார்னுதானே நினைப்போம்? பின்னால தேர்தல் வந்தப்பவும் ஜனங்க அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தாங்க. 1974ல பதவியில இருக்கும்போதே இறந்து போனார். மொத்தம் 29 வருஷம்.

இடிஞ்ச கட்டடங்களோட கல்லு மண்ணை எல்லாம் ஊர் ஓரத்துல இருந்த பிர்கன்கோப்ஃப்ங்கிற குன்று மேல கொண்டுபோய்க் கொட்டியிருக்காங்க. அந்தக் குன்று சுமார் 40 மீட்டர் உசந்துடுச்சு. இன்னைக்கும் அது மேல ஏறினா, பழைய வீடுகளோட செதுக்கின கல்லுங்க அப்படியே கிடக்குமாம். நம்ம மலைக்கோட்டை மேல நின்னு ஊரைப் பார்க்கிற மாதிரி, அவங்க தங்களோட இடிஞ்ச ஊர் மேல நின்னு புது ஊரைப் பார்க்கிறாங்க.

கிளெட் காலத்துல தப்பும் நடந்திருக்கு. எரிக் மெண்டல்சோன்னு ஒரு பெரிய கட்டடக் கலைஞர் கட்டின ஷாக்கன் கடைக் கட்டடம் போர்ல முழுசா அழியாமத் தப்பிச்சது. அதை 1960ல இடிச்சுட்டாங்க. வேணாம்னு பல நாட்டுல இருந்து எதிர்ப்பு வந்தும் கேட்கல. ரொம்ப நாள் ஒரே ஆள் உட்கார்ந்தா அதுல இந்த ஆபத்தும் இருக்கு. தான் செய்யுறதுதான் சரின்னு ஒரு நினைப்பு வந்துடும்.

அடுத்து வந்தவர் மன்ஃப்ரெட் ரோமெல். பேரைப் பார்த்ததும் போர்ப் படம் பார்க்கிறவங்களுக்கு ஒரு பொறி தட்டும். ஆமா, பாலைவன நரின்னு சொல்லப்பட்ட ஜெனரல் எர்வின் ரோமெலோட ஒரே மகன். 1944 அக்டோபர்ல ஹிட்லரோட ஆட்கள் வீட்டுக்கு வந்து, விஷம் குடிக்கிறியா, விசாரணைக்கு வர்றியான்னு அந்த ஜெனரல்கிட்ட கேட்டப்ப, மன்ஃப்ரெட் 15 வயசுப் பையன். அப்பா அவன்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு, வந்த காரில் ஏறிப் போனார். திரும்பி வரல.

அந்தப் பையன் 1974ல ஸ்டுட்கார்ட் மேயரானார். 1982லயும் 1990லயும் மறுபடி ஜெயிச்சார். 1996 வரைக்கும் 22 வருஷம். அவர் காலத்துல ஊருக்குள்ள ரயில், டிராம் வசதியெல்லாம் வளர்ந்தது. ஆனா அவரைப் பத்திப் பேசுறவங்க முதல்ல சொல்றது ஒரு சுடுகாட்டு விஷயம்.

1977 அக்டோபர்ல, ஸ்டுட்கார்ட்ல இருக்கிற ஸ்டாம்ஹைம் சிறையில மூணு தீவிரவாதிகள் செத்துப் போனாங்க. நாட்டையே நடுங்க வச்ச கும்பலைச் சேர்ந்தவங்க. அவங்களை எங்க ஊர்க் கல்லறையில புதைக்கக் கூடாதுன்னு பெரிய எதிர்ப்பு. ரோமெலோட சொந்தக் கட்சிக்காரங்களே எதிர்த்தாங்க. அவர் ஒத்துக்கல. செத்ததுக்கு அப்புறமும் பகை வச்சுக்க முடியாதுன்னு சொல்லி, டோர்ன்ஹால்டன் கல்லறையில இடம் கொடுத்தார். அடுத்த தேர்தல்ல ஜனங்க அவரைத் தோற்கடிக்கல. எட்டு வருஷப் பதவிக்காலம்ங்கிறதால, கோபம் ஆறி யோசிக்க அவங்களுக்கும் நேரம் இருந்துச்சு.

1945ல இருந்து 1996 வரைக்கும் 51 வருஷம், மேயர் ரெண்டே ரெண்டு பேர். இதைத்தான் நான் கிளாஸ்ல பெருமையாச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல தூக்கம் வரல. சரி, அதே 51 வருஷத்துல நம்ம பக்கம் என்னதான் நடந்துச்சுன்னு தேடிப் பார்த்தேன்.

நம்ம மாநிலத்துலேயே பழசு சென்னை மாநகராட்சி. 1688ல ஆரம்பிச்சது. அங்க 1933ல இருந்து மேயர்னு பதவி இருக்கு. முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார். ஆனா அப்பல்லாம் மேயருக்கு ஒரு வருஷம்தான். நாற்காலி சூடாகிறதுக்குள்ள அடுத்த ஆள் வந்துடுவார். அப்புறம் 1973 டிசம்பர்ல, ஒரு ஊழல் புகார் கிளம்பி, சென்னை மாமன்றத்தையே கலைச்சுட்டாங்க. அடுத்த தேர்தல் எப்ப நடந்துச்சு தெரியுமா? 1996 அக்டோபர்ல. 23 வருஷம் சென்னைக்கு மேயரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல. அரசு வச்ச அதிகாரிங்கதான் நகரத்தை நடத்தினாங்க.

இந்த ரெண்டு தேதியையும் ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க. ரோமெல் 1974 முதல் 1996. சென்னையில மேயர் இல்லாத காலம் 1973 முதல் 1996. அந்த மனுஷன் ஸ்டுட்கார்ட்ல உட்கார்ந்திருந்த அத்தனை வருஷமும், கிட்டத்தட்ட அப்படியே, நம்ம தலைநகரத்துல அந்த நாற்காலி காலி.

சரி, அது பழைய கதைன்னு சொல்லலாம். 1993ல 74வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்துச்சு. நகராட்சிக்கு, மாநகராட்சிக்கு அஞ்சு வருஷம்தான் காலம், அது முடியுறதுக்குள்ள அடுத்த தேர்தலை நடத்திடணும்னு அதுல இருக்கு. 1996, 2001, 2006, 2011னு தேர்தல் ஒழுங்கா நடந்துச்சு. 2016 அக்டோபர்ல நடக்க வேண்டிய தேர்தல் கோர்ட்டு வழக்குல நின்னுச்சு. அப்புறம் நகரங்கள்ல ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர்கள்.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு ஒரு சின்னக் காரணம் கிடைச்சது. திண்டுக்கல் நகராட்சி ஆரம்பிச்சது 1866ல. 2014ல மாநகராட்சி ஆச்சு. மொத்தம் 48 வார்டு. 2011 கணக்குப்படி 2,07,327 பேர். ரெண்டு வருஷம் மேயர் இருந்தார், 2016ல காலம் முடிஞ்சது. நான் பேப்பர் படிக்கிற வயசுல, ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும், எங்க ஊர்ல நிஜமாவே மேயர் இல்ல. என் தலையில அப்படியே நின்னு போச்சு. இது காரணம்தான், சாக்கு இல்ல. 2022ல மேயர் வந்ததை நான் கவனிக்கவே இல்லையே.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். மேட்டுப்பட்டியில எங்க வீடு. தாத்தா வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, நம்ம ஊர் மேயர் யாரு?"

அவர் கண்ணாடிக்கு மேல என்னைப் பார்த்தார். "ஏன்டா, காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"சொல்லுங்க தாத்தா."

"இளமதின்னு ஒரு அம்மா. துணை மேயர் ராஜப்பா. இந்தத் தடவை திண்டுக்கல் மேயர் பதவி பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கியிருந்தது. நம்ம வார்டு கவுன்சிலர் யாருன்னாவது தெரியுமா?"

நான் உள்ள போய்த் தண்ணி குடிக்கிற மாதிரி நழுவிட்டேன்.

எங்க தாத்தாவைப் பத்தி இங்க சொல்லணும். 1981ல இருந்து 2011 வரைக்கும் 30 வருஷம் தண்ணி திறந்து விடுற வேலை பார்த்தவர். தெருவுக்குத் தெரு குழிக்குள்ள வால்வு இருக்கும். நீளமான இரும்புக் கம்பி, மேல டி எழுத்து மாதிரி பிடி. அதை உள்ள விட்டுத் திருகணும். எந்த வால்வை எத்தனை சுத்து திருகினா மேட்டுத் தெருவுக்கும் தண்ணி ஏறும், எதை முழுசாத் திறந்தா பள்ளத்துத் தெருக்காரங்களே எல்லாத்தையும் இழுத்துக்குவாங்கன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். எந்த வரைபடமும் கிடையாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நான் ரெண்டு தடவை எழுதிப் பாஸ் பண்ணினதை, அவர் விடிகாலை மூணு மணிக்குச் சைக்கிள்ல போய்க் கையாலயே செஞ்சுக்கிட்டு இருந்தார்.

திண்டுக்கல்ல தண்ணின்னா சும்மா இல்ல. மழை குறைஞ்ச ஊரு. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணி, பேரணைத் தண்ணி, பிறகு காவிரித் தண்ணின்னு வெவ்வேற இடத்துல இருந்து வரணும். தோல் ஷாப்புக் கழிவுனால பல பக்கம் நிலத்தடித் தண்ணி வாயில வைக்க முடியாது. அப்படிப்பட்ட ஊர்ல தண்ணி திறக்குற ஆளை எல்லாருக்கும் தெரியும். கல்யாண வீட்டுல முதல் பந்தியில உட்கார வைப்பாங்க. தண்ணி வரலைன்னா அதே ஆளைத் தெருவுல நிக்க வச்சுக் கேள்வி கேட்பாங்க.

பூட்டுக்குப் பேர் போன ஊர்ல எங்க தாத்தாகிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. நான் அதை வெளியில சொன்னதில்ல. எட்டாவது படிக்கும்போது என் ஃப்ரெண்டோட அம்மா, "நீ அந்தத் தண்ணி திறக்குறவர் பேரனா?"ன்னு கேட்டாங்க. "இல்ல ஆன்ட்டி, தாத்தா ஆபீஸ்ல வேலை பார்த்தார்"னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் தாத்தாவுக்கு அது தெரியாது. இதைப் படிச்சாத்தான் தெரியும்.

2016க்கு அப்புறம் ஒரு விஷயம் நடந்துச்சு. அப்ப எனக்கு அது விளையாட்டு. கவுன்சிலர் இல்லாத காலம். தெருவிளக்கு எரியல, சாக்கடை அடைச்சிருக்கு, பொறப்புச் சான்றிதழ்ல பேர் தப்பா இருக்குன்னு ஜனங்க யார்கிட்டப் போவாங்க? ஆபீசுக்குப் போகலாம். ஆனா எந்த மேசை, என்ன பேப்பர், எத்தனை மணிக்குப் போனா ஆள் இருக்கும்? பாதிப் பேருக்குத் தெரியாது. அதனால ரிட்டயர்டு ஆன எங்க தாத்தாகிட்ட வருவாங்க. "பெரியவரே, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியுமே"ன்னு.

தாத்தாவுக்குக் கை நடுக்கம். எழுதுறது நான். பள்ளிக்கூடத்துல கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்த நேரம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்குன்னு ஸ்கேல் வச்சு ஓரம் போட்டு எழுதுவேன். அனுப்புநர்ல வந்தவங்க பேர், அடுத்தது பெறுநர்.

"தாத்தா, பெறுநர் யாரு?"

"உயர்திரு தனி அலுவலர் அவர்கள்னு எழுது."

"அவர் பேரு?"

"பேரு வேணாம். மாறிக்கிட்டே இருப்பாங்க. பதவியை மட்டும் எழுது."

இப்படி எத்தனை கடிதம் எழுதியிருப்பேன்னு கணக்கு இல்ல. ஒரு தடவையும் பெறுநர்ல ஒரு மனுஷனோட பேரை எழுதினதில்ல. தாத்தா அதிகாரிங்களைக் குறை சொல்ல மாட்டார். "அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க? இன்னைக்கு இங்க, நாளைக்கு வேற ஊரு. மேல இருந்து என்ன வருதோ அதைத்தானே பார்க்க முடியும்"பார். ஆனா ஒண்ணு சொல்லுவார்: "கவுன்சிலர்னா டீக்கடையில வச்சுப் பிடிச்சுடலாம்டா. அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு வரலாம். அடுத்த தடவை ஓட்டுக் கேட்க இதே வாசலுக்குத்தானே வரணும்?"

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது புரியும். நம்ம புத்தகத்துல ஓபன் லூப், குளோஸ்டு லூப்னு வரும். ஓபன் லூப்ல இன்புட் கொடுப்போம், அவுட்புட் வரும், சரியா வந்துச்சான்னு திரும்பிப் பார்க்க ஒரு வழி இருக்காது. குளோஸ்டு லூப்ல அவுட்புட்டை அளந்து திரும்ப இன்புட்டுக்கே அனுப்பி, எவ்வளவு பிழைன்னு கழிச்சுப் பார்க்கும். ஊருக்கு அந்தத் திரும்பி வர்ற கம்பிதான் தேர்தல். அதிகாரி எவ்வளவு நல்லவரா இருந்தாலும், அந்தக் கம்பி வெட்டியிருந்தா சிஸ்டம் குருடு.

தாத்தாகிட்ட ஸ்டுட்கார்ட் கதை முழுசையும் சொன்னேன். கவனமாக் கேட்டார். கேட்டுட்டு, "அந்த ஊர்ல கமிஷனர் யாரு?"ன்னார்.

நான் முழிச்சேன். அது நல்ல கேள்வின்னு அப்புறம்தான் புரிஞ்சது. ஸ்டுட்கார்ட் இருக்கிற மாநிலத்துல மேயரை ஜனங்க நேரடியாத் தேர்ந்தெடுக்கிறாங்க, எட்டு வருஷத்துக்கு. மன்றத்துக்கும் அவர்தான் தலைவர், நிர்வாகத்துக்கும் அவர்தான் தலைவர். நம்ம மேயர், கமிஷனர் ரெண்டு பேர் வேலையும் ஒரே ஆள்கிட்ட. இங்க மேயர் மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் போடுவாங்க. கையெழுத்துப் போட்டு நடத்துற அதிகாரம் பெரும்பாலும் மாநில அரசு அனுப்புற கமிஷனர்கிட்ட. மேயரைத் தேர்ந்தெடுக்கிற முறையே இங்க நிலையா இல்ல. 1996லயும் 2001லயும் ஜனங்க நேரடியா ஓட்டுப் போட்டாங்க. 2006ல கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க. 2011ல மறுபடி நேரடி. 2022ல மறுபடி கவுன்சிலர்கள். அதோட, ஒரு ஊர்ல மேயர் பதவி யாருக்கு ஒதுக்கீடுங்கிறது சுழற்சியில மாறும். ஒரு ஆள் நல்லாவே செஞ்சாலும் அடுத்த தடவை நிக்க முடியாமப் போகலாம். இங்க 22 வருஷ மேயர் வர வழியே இல்ல.

"அப்ப அந்த ஊரு முறைதான் நல்லதுங்கிறியா?"ன்னார் தாத்தா.

ஆமான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா 2022ல நடந்ததைப் பாருங்க. மொத்தம் இருந்த 21 மாநகராட்சியில 11 மேயர் பதவி பெண்களுக்குன்னு ஒதுக்கினாங்க. சென்னைக்கு பிரியா ராஜன், 28 வயசு, அந்த மாநகராட்சியோட முதல் தலித் பெண் மேயர். சுழற்சி இல்லைன்னா இந்தப் பேர் அந்தப் பலகையில வர இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? கிளெட்டும் ரோமெலும் சேர்ந்து உட்கார்ந்திருந்த 51 வருஷத்துல வேற யாருக்கும் அந்த நாற்காலி கிடைக்கல, எந்தப் பெண்ணுக்கும் கிடைக்கல. ஒரே ஆள் ரொம்ப நாள் இருந்தா வேலை தொடர்ச்சியா நடக்கும். ஆள் மாறிக்கிட்டே இருந்தா கதவு திறக்கும். ரெண்டும் வேணும்ங்கிறதுதான் சிக்கல்.

நம்ம பக்கம் ரொம்ப நாள் நகர வேலை பார்த்தவரே இல்லையான்னு தேடினப்பதான் பிட்டி தியாகராயர் கிடைச்சார். தி.நகர்ல துணி எடுத்திருப்போம். அந்த தி. அவர்தான்னு எத்தனை பேருக்குத் தெரியும்? 1882ல சென்னை மாநகராட்சியில உறுப்பினர் ஆனவர், சுமார் 40 வருஷம் அங்கேயே இருந்தார். அதிகாரிகளே தலைவரா இருந்த காலம் மாறினப்ப, அதிகாரி அல்லாத முதல் தலைவர் அவர்தான். 1920ல நீதிக்கட்சி ஜெயிச்சு, முதல் மந்திரியா வாங்கன்னு கூப்பிட்டப்ப வேணாம்னுட்டார். முதல் மந்திரி பதவியை விட்டுட்டு மாநகராட்சியில இருந்தவர்.

அதே 1920ல ஆயிரம் விளக்குல இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல செலவாகக் கூடாதுன்னு கணக்கு. பசியோட வர்ற பிள்ளை படிக்காதுன்னு ஒரு நகர மன்றத்துக்குத் தோணியிருக்கு. சில வருஷத்துல அது நின்னு போச்சு. ஆனா யோசனை நிக்கல. 1950கள்ல காமராஜர் காலத்துல மாநிலம் முழுக்க மதிய உணவா வந்துச்சு. 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவு வரைக்கும் அந்தக் கோடு வருது. நானும் அரசுப் பள்ளியில சாப்பிட்டவன்தான். என் தட்டுல விழுந்த முட்டைக்கும் அந்த ஒரு அணாவுக்கும் சம்பந்தம் உண்டு.

அவர் காலத்துலயும் குறை உண்டு. வரி கட்டுற வசதி உள்ளவங்களுக்குத்தான் அப்ப ஓட்டு. எங்க தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் அந்த மன்றத்தோட வாசல்படி கூடத் தெரிஞ்சிருக்காது. ஆனாலும் 40 வருஷம் ஒரே இடத்துல இருந்து ஊரைக் கவனிச்ச ஒருத்தருக்குத்தான், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க குறையுறதும் பசியும் ஒரே பிரச்சினைன்னு தெரியுது. ஒரு வருஷ மேயருக்கு அது கண்ணுல பட்டிருக்குமா? சந்தேகம்தான்.

இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப எனக்கு ஒண்ணு உறைச்சது. எங்க ஊர்ல மேயர் மாறலாம், சேர்மன் மாறலாம், தனி அலுவலர் வரலாம் போகலாம். ஊரைத் தொடர்ச்சியா ஞாபகம் வச்சிருந்தது யாரு? 30 வருஷம் அந்தக் கம்பியைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போன ஆள்தானே? ஸ்டுட்கார்ட்ல மேயர் நாற்காலியில இருந்த ஞாபகம், திண்டுக்கல்ல எங்க தாத்தா மாதிரி ஆளுங்க மண்டையில இருந்திருக்கு. துப்புரவுப் பணியாளர்கள், தண்ணி திறக்குறவங்க, வரி வசூல் பண்றவங்க. அவங்க ரிட்டயர்டு ஆனா அந்த ஞாபகமும் வீட்டுக்குப் போயிடும். அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் ஆபீஸ்ல வேலைன்னு மறைச்சேன்.

அடுத்த ஜெர்மன் கிளாஸ்ல, கேட்காமலே எழுந்து, ஒரு நிமிஷம் பேசணும் மேம்னு சொன்னேன். எங்க ஊர் மேயர் பேரைச் சொன்னேன். அப்புறம் ஜெர்மன்ல அஞ்சு வாக்கியம். என் தாத்தா திண்டுக்கல்லில் வேலை பார்த்தார். முப்பது வருடம் வேலை பார்த்தார். அவர் மக்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவருக்கு எல்லாத் தெருவும் தெரியும். அவர் என் தாத்தா. அவ்வளவுதான், எனக்குத் தெரிஞ்ச இலக்கணத்துக்கு அதுக்கு மேல வராது. மேம் ரெண்டு இடத்துல வேற்றுமை உருபைத் திருத்தினாங்க. பசங்க இந்தத் தடவை கை தட்டல, சும்மா இருந்தாய்ங்க. வேடசந்தூர்க்காரன் மட்டும் வெளிய வந்து, "எங்க அப்பாவும் பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டர்தான்டா"ன்னான். மூணு வருஷமா ஒரே ரூம். இதுவரைக்கும் சொன்னதே இல்ல.

ஜெர்மனி ஆசை போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. அப்ளிகேஷனுக்கான வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. கிடைச்சாப் போவேன். பிர்கன்கோப்ஃப் குன்று மேல ஏறிப் பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. 18 வயசு முடிஞ்சும் நான் வாக்காளர் பட்டியல்ல பேர் சேர்க்கவே இல்ல. இந்த லீவுல படிவம் 6 கொடுத்துட்டேன். இப்ப இருக்கிற மன்றத்தோட அஞ்சு வருஷக் காலம் 2027 தொடக்கத்துல முடியுது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் எப்ப நடந்தாலும் அதுல என் பேர் இருக்கணும். உங்க பேர் இருக்கான்னு நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஹாஸ்டல்ல இருக்கிற நமக்கு இதெல்லாம் மறந்து போற விஷயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுல இருந்தப்ப, பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க வந்தாங்க. அங்கன்வாடி முன்னாடி வண்டிங்க வேகமாப் போகுது, ஒரு வேகத்தடை வேணும், மனு எழுதித் தர முடியுமான்னு தாத்தாகிட்டக் கேட்டாங்க. தாத்தா என்னைப் பார்த்தார். நான் பேப்பர் எடுத்து ஓரம் போட்டேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர்ல, மாண்புமிகு மேயர் அவர்கள்னு எழுதி, கீழ நகல்னு போட்டு எங்க வார்டு கவுன்சிலர் பேரையும் எழுதினேன். யாரையும் கேட்கல.

தாத்தா பேப்பரை வாங்கித் தூரமா வச்சுப் படிச்சார். "மேயரம்மா பேரையும் போடுடா. மனுஷங்க பேரு இருந்தா மனுஷங்க பதில் சொல்லுவாங்க"ன்னார்.

போட்டேன். அப்புறம் கீழ, இப்படிக்குன்னு எழுதி அந்த அக்காகிட்டக் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை காலேஜுக்கு வர்ற வழியில நானே கொண்டுபோய்க் கொடுத்து, நகல்ல சீல் வாங்கி வச்சிருக்கேன்.